காலி சைக்கிளின் சீட்டு

உப்புப் பாத்திகளுக்கு நடுவே, ஒற்றை ஆள் நடக்கவே வரப்பு பற்றாத இடத்திலிருந்து, மாதத்தின் முதல் வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அந்தச் சைக்கிள்காரர்கள் முதன்முதலாக வந்தபோது அளத்தடி ஊர் வாயைப் பிளந்து நின்றது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊர் முதலில் கவலைப்பட்டது, இத்தனை பேருக்கு டீ போட மாசிலாமணி கடையில் பால் இருக்கிறதா என்றுதான். தூத்துக்குடிக்குத் தெற்கே அந்த நேரத்து வெயிலில் உப்பளத்தைப் பார்க்கிறவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தவர்களுக்கு முதலில் கறுப்பாக ஏழு புள்ளி தெரிந்தது, பிறகு ஏழு சைக்கிள், பிறகு எட்டு. எட்டாவதில் ஆள் இல்லை. அளத்து வேலைக்காரிகள் போடுவதைப்போலச் சேலைக்கு மேல் கட்டம்போட்ட ஆம்பளைச் சட்டை போட்டிருந்த ஒருத்தி, தன் சைக்கிளை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறு கையால் அந்தக் காலி சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

வந்தவர்களை யாருக்கும் தெரியவில்லை. டீ குடித்தார்கள், ஆளுக்கொரு வீட்டைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள், ஒருவர் பார்த்த வீட்டை மற்றவர் பார்க்கவில்லை. தெக்லாவின் சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டார்கள். அளத்துக்குள்ளிருந்து வந்த டயரில் ஒரு பொட்டு உப்புகூட ஒட்டியிருக்கவில்லை என்பதைத் தெக்லா பார்த்தாள், பார்த்துவிட்டுப் பம்பை அடுத்த சக்கரத்துக்கு மாற்றினாள். புறப்படும்போது சட்டைக்காரி ஊரைப் பொதுவாகப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு சைக்கிள் காலியா இருக்கு. கூட வாரவங்க வரலாம். விளக்கு வைக்க முன்னாடி கொண்டாந்து விட்டுருவோம்."

முன்பின் தெரியாத கூட்டத்தோடு யார் போவார்கள்? இரண்டு மாதம் யாரும் போகவில்லை. மூன்றாவது மாதம் பொன்ராஜ் போனான். அப்பா செத்து இரண்டு வருஷமாகத் தூக்கம் என்பதே இல்லாமல், சாமத்தில் எழுந்து தெருவை அளந்துகொண்டிருந்த ஆள் அவன். "இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் காலி சைக்கிளில் ஏறினான், வெள்ளை வெயிலுக்குள் கரைந்து போனான், சொன்னபடி விளக்கு வைக்கும் முன் திரும்பி வந்தான். மூன்று தட்டுச் சோறு தின்றான். கையைக் கழுவிக்கொண்டே சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து, "இது ஆரு, உங்க வீட்டுச் சொந்தமா?" என்று பெண்டாட்டியிடம் கேட்டான். கேட்டுவிட்டுப் படுத்தவன் மறுநாள் பத்து மணிவரை குறட்டை விட்டான்.

ஊர் இதைக் கெட்டதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொன்ராஜின் முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்த்த பிறகு எப்படி எடுத்துக்கொள்ளும்? பஞ்சாயத்துத் தலைவர் சைக்கிள்காரர்களுக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொடுத்து, கொட்டகையைவிடப் பெரிதாகத் தன் பெயரை எழுதிக்கொண்டார். பங்குச் சாமியார் முதல் வியாழக்கிழமை ஞானோபதேச வகுப்பை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார், அவரால் முடிந்தது அவ்வளவுதான். போலீஸ்காரர் ஒருவர் வந்து, ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார், பிறகு அவரே ஒரு மாதம் சைக்கிளில் ஏறிப் போய்விட்டு வந்தார். யாருடைய முறை என்பதில் சண்டை வரவில்லை, காலி சைக்கிளின் சீட்டே அதைச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு மாதமும் அது ஒவ்வொரு உயரத்தில் வந்தது. ஊரில் பாரம் தாங்க முடியாத யாரோ ஒருவரின் இடுப்புக்குத்தான் அது சரியாக இருந்தது. குதிகாலைத் தூக்கி நின்று பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு.

போய் வந்தவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று ஊர் ஒரு வழக்கமும் உண்டாக்கிக்கொண்டது. நல்ல மனசில் உண்டாக்கியதுதான். வீட்டில் ஒருவர் சைக்கிள் ஏறினால், அவர் திரும்புவதற்குள் சுவரிலிருக்கும் படத்தை இறக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். செத்தவர் பெயரை அவர் காதுபட யாரும் சொல்லக்கூடாது. பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தார்கள், அக்கம்பக்கமும் வாயைக் கட்டிக்கொண்டது. வாயில் வராத பெயர் மனசில் எத்தனை நாள் நிற்கும்? அடுத்த கல்லறைத் திருநாளன்று பாதிக் கல்லறைகளில் மெழுகுவர்த்தி எரியவில்லை. இவையெல்லாம் யாருடையவை என்று கேட்டுக்கொண்டே ஜனங்கள் நடந்தார்கள், கேட்டதையும் வீட்டுக்கு வருமுன் மறந்தார்கள். அந்தப் பக்கம் சைக்கிள்காரர்கள் அநேகமாக மாதத்துக்கு ஒருவர் கூடிக்கொண்டே வந்தார்கள், ஏழு பதினொன்றாகி, பதினொன்று பத்தொன்பதாகியது. நம் ஊர் டீக்கு எவ்வளவு பெயர் பார் என்று மாசிலாமணி மார்தட்டிக்கொண்டான்.

தெக்லாவுக்கு ஒரு மகள் இருந்தாள். ஜெனிட்டா. பதினோரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்து போய்விட்டாள். நாலு வருஷம் ஆகிறது. அளத்தடியில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குப் பழக்கிக் கொடுத்தது தெக்லாதான். வாடகைச் சைக்கிளில் ஏற்றி, சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே ஓடுவாள், "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று கத்திக்கொண்டே எங்கோ ஓரிடத்தில் கையை விட்டுவிடுவாள், பிள்ளை அது தெரியாமல் மிதித்துக்கொண்டு போகும். உலகத்தில் எல்லாரும் இந்தப் பொய்யில்தான் சைக்கிள் பழகுகிறார்கள். ஊரான் பிள்ளைக்கெல்லாம் ஓடியவள் தன் பிள்ளை கேட்டபோது மட்டும் முழுப்பரீட்சை முடியட்டும் என்று சொன்னாள். பரீட்சைக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. தெக்லாவைத் தின்றுகொண்டிருந்தது இதுதான், இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பதினெட்டாவது மாதம் சீட்டு அவள் புருஷன் இன்னாசியின் உயரத்தில் வந்தது. உப்பு மூட்டை ஏற்றுகிற ஆள், நாலு வருஷத்தில் தோள் இறங்கி, ஆஸ்பத்திரி இருக்கிற ரோட்டுப் பக்கமே போக மாட்டாமல் ஊரைச் சுற்றி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "போயிட்டு வரட்டா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து எப்படி வேண்டாம் என்பாள்? "போயிட்டு வாங்க" என்றாள். அவர் தலை மறைந்ததும் ஊர் வழக்கப்படி மகளின் படத்தைக் கழற்றிக் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தாள். பள்ளிக்கூடப் பையை எடுத்து வைக்க மறந்துவிட்டாள். திரும்பி வந்த இன்னாசி ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"ஏட்டி, இது ஆரு பையி?"

"பக்கத்து வீட்டுப் பிள்ள விட்டுட்டுப் போயிருக்கு," என்றாள் தெக்லா.

"திருப்பிக் குடுத்துரு, தேடும்லா," என்றுவிட்டு அவர் சீட்டியடித்துக்கொண்டே குளிக்கப் போனார். தெக்லா அடுக்களையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த மாதம் சைக்கிள்காரர்கள் வந்தபோது, போன தடவை எத்தனை பேரோ அத்தனை பேர்தான் வந்தார்கள். ஒருவர்கூடக் கூடவில்லை. கடையில் ஒரு மீசைக்காரப் பெரியவர் பின்சக்கரம் ஆடுகிறது என்று சைக்கிளை நிறுத்தினார். தெக்லா சக்கரத்தைக் கழற்றி, கோட்டம் எடுக்கச் சுற்றிவிட்டு விரலை வைத்தாள். போக்ஸ் கம்பிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் தடிமனாக விரலில் இடித்தது. மோட்டார் சைக்கிள் கம்பியை வெட்டி, முனையை வளைத்து மாட்டியிருந்தது. அப்படி மாட்டுகிற கிறுக்கு வேலையை இந்த ஜில்லாவிலேயே ஒருத்திதான் செய்வாள், அது அவள்தான். எப்போதோ ஒரு மழை நாளில் கம்பி தீர்ந்துபோய், மகனுக்குப் பெண் பார்க்கப் போகணும், சீக்கிரம் ஆகட்டும் தாயி என்று குதித்துக்கொண்டு நின்ற ஒரு ஆளுக்குச் செய்து கொடுத்தது. யாருக்கு? சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். முகம் வரவே இல்லை. கை அந்தக் கம்பியை உருட்டிக்கொண்டே இருந்தது, வெகு நேரம் கழித்துப் பெயர் வந்தது. தங்கையா. பொன்ராஜின் அப்பா.

நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர் எதிரே பொன்ராஜ் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்த பொன்ராஜும் அவரைப் பார்த்தான்.

"பெரியவரே, எந்த ஊரு?" என்று கேட்டான் பொன்ராஜ், மரியாதையாகத்தான்.

"பக்கந்தான் ஐயா," என்றார் பெரியவர்.

தெக்லா சக்கரத்தைக் கீழே வைத்தாள். காலி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற சட்டைக்காரியிடம் போனாள்.

"எக்கா, இவுக தங்கையா மாமாதான?"

"ஒங் கண்ணுக்குத் தெரியல, கைக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் சட்டைக்காரி. "அவருதான்."

"மத்தவுகளும்…"

"எல்லாரும் இந்த ஊருதான். வீட்டுல ஒருத்தர் நெனச்சிட்டிருந்தாலும் செத்தவுகளால எந்திரிச்சு வர முடியாது. கடைசி ஆளும் விட்ட பெறவுதான் சைக்கிள் ஏறுவாவ. ஏறுனா வந்து ஊரப் பார்த்துட்டுப் போவலாம். அவுகளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். சொல்லத்தான் கூடாது."

"நீங்க ஆரு வீடு?"

"எனக்கு எந்த வீடும் இல்ல. அதான் மொதல்ல வந்தேன்," என்று சிரித்தாள் சட்டைக்காரி.

தெக்லா காலி சைக்கிளைப் பார்த்தாள். இடுப்பை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். சீட்டு சரியாக அவள் உயரத்தில் இருந்தது.

"இன்னைக்கே வரணும்னு இல்ல," என்றாள் சட்டைக்காரி. "அடுத்த மாசமும் இதே ஒயரத்துலதான் இருக்கும்."

"எம் பிள்ளைக்குச் சைக்கிள் கிடையாது. சைக்கிள் இல்லாதவுக எப்படி வருவாவ?"

"நடந்து வருவாவ. அளம் பெருசு. வந்து சேர ரொம்ப நாளாவும்."

அந்த ஒரு மாதம் தெக்லா பட்ட பாடு நாய் படாது. போகாவிட்டால் பிள்ளை தன்னோடு இருக்கும், யாருக்கும் இல்லாவிட்டாலும் தனக்கு இருக்கும். போனால் மாதம் ஒருமுறை கண்ணெதிரே வந்து நிற்கும், ஆனால் வந்து நிற்பது யார் என்று தனக்குத் தெரியாது. பார்த்தால் தெரியாது, தெரிந்தால் பார்க்க முடியாது. இதில் எதைத் தாய் எடுப்பாள்? பக்கத்து வீட்டுச் சகாயத்திடம் போய் உட்கார்ந்தாள். சகாயம் போன வருஷம் சைக்கிளில் போய் வந்தவள்.

"போயிட்டு வா மைனி, யோசிக்காத," என்றாள் சகாயம். "நான் போயிட்டு வந்த பெறவுதான் ஒழுங்காச் சாப்புடுதேன்."

"நீ ஆருக்காவப் போன?"

சகாயம் முறத்தில் அரிசியைத் தட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அதான் மைனி தெரியல," என்றாள். "ஆரோ இருந்திருக்காவ. ரெண்டு தலகாணி கெடக்கு." பிறகு மறுபடியும் முறத்தைத் தட்டினாள்.

வீட்டுக்கு வந்த தெக்லா, பிள்ளையை ஒருமுறை முழுதாக நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று கண்ணை மூடினாள். சிரிப்பைத் தேடினாள், டெட்டால் வாசனை வந்தது. ஜடை பின்னிய நாட்களைத் தேடினாள், வலிப்பில் வெட்டி வெட்டி இழுத்த கழுத்து வந்தது. கோயிலில் சாமியார் கையால் முதல் நன்மை வாங்கிய அன்று வெள்ளைக் கவுனில் நின்ற பிள்ளையைத் தேடினாள், வெள்ளைப் போர்வை வந்தது, சொட்டு சொட்டாக இறங்கிய குளுக்கோஸ் வந்தது, நர்ஸ் ஒருத்தி கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டது வந்தது. பதினோரு வருஷம் ஓடியாடிய பிள்ளை, அவள் நெஞ்சுக்குள் கடைசி ஆறு நாளாகச் சுருங்கிப்போய், நாலு வருஷமாக அந்த இரும்புக் கட்டிலிலேயே கிடந்தது. தான் நினைக்க நினைக்க அது எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது என்று தெக்லாவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அன்று அவள் வாய்விட்டு அழுதாள். என்னம்மா ஆச்சு, தலைவலியா என்று இன்னாசி தைலம் எடுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாளே பழைய இரும்புக் குவியலைக் கிளறி ஒரு சின்னச் சைக்கிள் ஃபிரேமை எடுத்தாள். துருவைத் தேய்த்தாள், சிவப்புப் பெயிண்ட் அடித்தாள், புது டியூப் போட்டாள், மணி மாட்டினாள். சீட்டு வழுகி இறங்காமலிருக்கச் சீட்டுக் கம்பியில் செப்புக் கம்பியை ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவது அவள் கை வழக்கம், அதையும் செய்தாள். இந்தச் சைக்கிள் யாருக்கு என்று இன்னாசி கேட்டார். "ஒரு பிள்ளைக்கு," என்றாள்.

வியாழக்கிழமை வந்தது. மதியமே அந்தச் சிவப்புச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அளத்தின் ஓரத்தில், வரப்பு தொடங்குகிற இடத்தில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினாள். திரும்பி வந்து, ஆணியிலிருந்த பள்ளிக்கூடப் பையை எடுத்து, கல்யாணச் சேலைக்கு அடியில் படத்தோடு வைத்துப் பெட்டியைப் பூட்டினாள். சாவியைக் கிணற்றில் போட்டாள். மூன்று மணிக்குக் கூட்டம் வந்து டீ குடித்து முடிந்ததும், முன்பின் தெரியாத அந்தப் பத்தொன்பது பேருக்கு நடுவில், காலி சைக்கிளில் ஏறினாள்.

வரப்பு இல்லாத இடத்தில் சக்கரம் தானாக வழி கண்டது. இரண்டு பக்கமும் வெள்ளை, மேலேயும் வெள்ளை, காற்று மட்டும் அடித்தது, பேச்சில்லாமல் மிதித்தார்கள். முதல் பாத்தி தாண்டியதும் டெட்டால் வாசனை போயிற்று. அடுத்த பாத்தியில் இரும்புக் கட்டில் போயிற்று, அதற்கடுத்ததில் குளுக்கோஸ் பாட்டிலும் நர்ஸின் குரலும் போயின, அப்பாடா என்று மூச்சு விட்டாள், விட்ட மூச்சோடு ஜடையும் வெள்ளைக் கவுனும் சேர்ந்து போயின, ஐயோ அது வேண்டும் என்று கையை நீட்டினாள், ஹேண்டில்பார் ஆடியது, தங்கையா பக்கத்தில் வந்து பிடித்துக்கொண்டார். முழுப்பரீட்சை முடியட்டும் என்று தான் சொன்னது கடைசிவரை நெஞ்சில் முள்ளாக நின்றது, பிறகு அதுவும் உதிர்ந்தது. மிஞ்சியது பெயர் ஒன்றுதான். அதை மட்டும் விடமாட்டேன் என்று வாய்க்குள் ஒதுக்கி, நாக்கால் தடவித் தடவி, கல் உப்பைப்போல அடக்கிக்கொண்டே வெகுதூரம் மிதித்தாள். அதுவும் கரைந்தது. கொஞ்ச நேரம் வாய் கரித்தது.

விளக்கு வைக்கும் முன் வீட்டுக்கு வந்தாள். நல்ல பசி. "எப்படி இருந்திச்சு?" என்று இன்னாசி கேட்டார். "காத்து நல்லா இருந்திச்சு," என்றாள்.

ஒரு மாதம் அவளும் அவரும் நன்றாகத் தூங்கினார்கள். பெட்டிச் சாவி எங்கே போனது என்று ஒருநாள் தேடினாள், கிடைக்கவில்லை, விட்டுவிட்டாள்.

அடுத்த முதல் வியாழக்கிழமை மாசிலாமணி மறுபடியும் ஒரு டீ கூடப் போட வேண்டியிருந்தது. பத்தொன்பது பேருக்குப் பின்னால், வெகுதூரம் பிந்தி, சிவப்புச் சைக்கிளில் ஒரு பெண்பிள்ளை வந்தது. ஓட்டத் தெரியவில்லை. ஒரு காலை ஊன்றி ஊன்றி, தடுமாறித் தடுமாறி, வேர்த்து விறுவிறுத்து வந்து நேரே சைக்கிள் கடைக்கு முன்னால் நின்றது. மற்றவர்கள் வீடுகளைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள். இது கடையைப் பார்த்தது.

"ஆரு பெத்த பிள்ளையோ, இந்த வெயில்ல," என்றாள் தெக்லா.

இன்னாசி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "பேரென்ன பாப்பா?"

"ஜெனிட்டா."

"நல்ல பேரு," என்று இன்னாசி தெக்லாவிடம் திரும்பிச் சொன்னார். தெக்லாவும் ஆமாம் என்றாள்.

"சீட்டு ஒசரமா இருக்கு. கொஞ்சம் எறக்கித் தாரீங்களா?" என்று பிள்ளை கேட்டது.

தெக்லா ஸ்பேனரை எடுத்து உட்கார்ந்தாள். சீட்டுக்கு அடியில் கையைக் கொடுத்தவள் அப்படியே இருந்துவிட்டாள். செப்புக் கம்பி. விரல் அவளைக் கேட்காமலே எண்ணியது, ஏழு சுற்று, பிறகு முடிச்சு.

"இது நான் சுத்துத சுத்துல்லா," என்றாள். "ஒனக்கு ஆரு சுத்திக் குடுத்தா?"

"அளத்தோரத்துல நின்னுச்சு, ஏறிட்டேன்," என்றது பிள்ளை.

"ஓட்டப் பழகவே இல்லியா?"

"முழுப்பரீட்சை முடியட்டும்னு சொல்லிட்டாவ."

"எந்த மகராசி அப்படிச் சொன்னா?"

பிள்ளை தெக்லாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. தெக்லாவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, ஏன் என்று தெரியவில்லை, உப்பு வெயில் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சீட்டை இறக்கினாள். முடிச்சை மட்டும் அவிழ்க்க மனசு வராமல், கம்பியை அப்படியே கீழே தள்ளி இறுக்கினாள். அதற்குள் கூட்டம் புறப்பட்டுவிட்டது, சட்டைக்காரி காலி சைக்கிளோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏறுட்டி," என்றாள் தெக்லா. "நான் பிடிச்சுக்கிடுதேன்."

பிள்ளை ஏறியது. தெக்லா சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடினாள். கொட்டகையைத் தாண்டினாள், மாசிலாமணி கடையைத் தாண்டினாள், பொன்ராஜ் எழுந்து வழி விட்டான். மூச்சு வாங்கியது, செருப்பு எங்கோ கழன்று விழுந்தது, ரோடு முடிந்து வரப்பு வந்தது, சிவப்புச் சைக்கிள் ஆட்டம் நின்று நேராக ஓடத் தொடங்கியது.

"விட்டுராதீங்க!" என்று முன்னாலிருந்து பிள்ளை கத்தியது. "விட்டுராதீங்கம்மா!"

"பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்," என்று கத்திக்கொண்டே வெள்ளை வெயிலில் வெறுங்காலோடு ஓடினாள் தெக்லா. கை எப்போதோ விட்டுப்போயிருந்தது.